ஐப்டேசியா தொல்லை: தொட்டியில் என்ன தெரிகிறது, என்ன செய்வது

பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்னறையில் ஒரு உப்புநீர்த் தொட்டி இருக்கிறது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கிட்டத்தட்ட 190 லிட்டர் பிடிக்கும். இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் காளான் பவளம், ஒரு தோல் பவளம், பாறையில் கொத்தாகப் பூ மாதிரி விரியும் சோவாந்திட் இரண்டு மூன்று நிறத்தில். இவை எல்லாம் நான் காசு கொடுத்து வாங்கியவை. ஐப்டேசியா, அதாவது பாறையில் களை மாதிரி பரவும் ஒரு கடல் உயிரி, தானாக வந்தது. மூன்று முறை வந்திருக்கிறது. அதில் இரண்டு முறை அதைப் பெருக்கியது நானேதான்.

உங்கள் தொட்டியில் தெரிகிற அறிகுறியைப் பார்த்து நேராக அந்தப் பகுதிக்குப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள். வளர்க்க வேண்டியதைக் களை என்று நினைத்துக் கொன்றவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர் இருக்கிறார்கள்.

பாறையில் பழுப்பு நிறத்தில் ஏதோ முளைத்திருக்கிறது

கடல் சாமந்தி என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போமே, அந்த இனம்தான். தொட்டி வைத்திருப்பவர்கள் அனிமோன் என்றே சொல்வார்கள். எல்லா அனிமோனும் கெட்டதில்லை. கோமாளி மீன் குடியிருக்கிற குமிழ் அனிமோனைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். தொல்லை தருவது முக்கியமாக இரண்டு வகை, ஐப்டேசியாவும் மஜானோவும்.

ஐப்டேசியா கண்ணாடி மாதிரி பாதி ஒளி ஊடுருவும் பழுப்பு நிறத்தில் இருக்கும். நீண்ட தண்டு, மேலே தட்டு, தட்டின் நடுவில் வாய், ஓரத்தில் நுனி கூர்த்த கைகள். சின்னத் தென்னங்கன்று போல நிற்கும். பக்கத்தில் எதாவது அசைந்தால் பொசுக்கென்று பாறை ஓட்டைக்குள் சுருங்கிவிடும். ரொம்பச் சீண்டினால் வெள்ளை நூல் மாதிரி எதையோ கக்கும். அந்த நூல் முழுக்கக் கொட்டும் செல்கள். நம் விரலுக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் பக்கத்துப் பவளத்தைச் சுட்டுவிடும்.

மஜானோ குட்டை. கைகளின் நுனி கூராக இருக்காது, குமிழ் குமிழாகத் திரண்டிருக்கும். பச்சை கலந்த பழுப்பு. பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதனால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஆள் மாறாட்டம் நடப்பது பெரும்பாலும் இறகுப் புழுவோடு. அதுவும் விசிறி போல விரியும், தொட்டால் உள்ளே போகும். ஆனால் அதற்குக் குழாய் ஒன்று இருக்கும், விரிவது இறகு போலப் பிசிறு பிசிறாக இருக்கும், நடுவில் தட்டு இருக்காது. அது தண்ணீரைச் சலித்துத் தின்கிற சாதுவான புழு. டார்ச்சும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து, தட்டும் வாயும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அனிமோன். சந்தேகம் தீரவில்லையா, ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். ஒரு வாரத்தில் தொட்டி ஒன்றும் முழுகிவிடாது.

ஒன்றைப் பிடுங்கி எறிந்தேன், அதே இடத்தில் ஐந்தாறு முளைத்துவிட்டது

எனக்கு நடந்தது இதுதான். முதல் ஐப்டேசியாவைப் பார்த்ததும் கை பரபரத்தது. பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துப் பாறையை நன்றாகத் தேய்த்தேன். போய்விட்டது என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் பிரஷ் பட்ட இடத்தைச் சுற்றிக் கடுகு கடுகாகப் பழுப்புப் புள்ளிகள். டார்ச் அடித்தால் ஒவ்வொரு கடுகுக்கும் மேலே மயிர் போல எட்டுப் பத்துக் கைகள்.

இதன் இயற்கையே அப்படி. நாம் கிள்ளாவிட்டால்கூட ஐப்டேசியா தன் பாதத்திலிருந்து சின்னச் சின்னத் துணுக்குகளை விட்டுவிட்டு நகரும். ஒவ்வொரு துணுக்கும் முழு அனிமோனாக வளரும். ஜோடி வேண்டாம், விதை வேண்டாம். நாம் பிளேடால் சுரண்டினாலோ பிரஷ்ஷால் தேய்த்தாலோ அது மெதுவாகச் செய்கிற வேலையை ஒரே நாளில் செய்துகொடுக்கிறோம். பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் துணுக்குகள் தொட்டி முழுக்கப் பரவும்.

இதே குணத்தால் ஆய்வுக்கூடங்களில் இதற்கு நல்ல மதிப்பு. பவளத்துக்குள் இருப்பது போலவே இதன் உடம்புக்குள்ளும் பாசி குடியிருக்கிறது. பவளம் வெளுப்பது ஏன் என்று படிப்பதற்கு இதை வளர்க்கிறார்கள். 2015-இல் இதன் மரபணுத் தொகுதியையே வெளியிட்டுவிட்டார்கள். நாம் ஒழிக்கப் பாடுபடுவதை அவர்கள் தீனி போட்டு வளர்க்கிறார்கள்.

சரி, ஏற்கெனவே பிய்த்துவிட்டீர்கள் என்றால் என்ன செய்வது? இரண்டு வாரம் கை வைக்காதீர்கள். துணுக்குகள் கடுகு அளவில் இருக்கும்போது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அரிசி அளவு வளரட்டும். பிறகு ஒவ்வொன்றாக அடுத்த பகுதியில் சொல்கிறபடி கவனியுங்கள்.

ஒன்று, இரண்டு, மிஞ்சினால் பத்து இருக்கிறது

இந்த நிலையில் மீன், இறால் எதுவும் வாங்க வேண்டாம். சுண்ணாம்பு போதும்.

கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீர்த்த சுண்ணாம்பு. அதைக் குழைத்து அனிமோனின் வாயில் வைத்தால் உள்ளிருந்து வெந்துவிடும். சுண்ணாம்புத் தண்ணீரின் பி.ஹெச். 12-க்கு மேல். பவளத் தொட்டியின் தண்ணீர் 8-க்கும் 8.4-க்கும் நடுவில் இருக்கும். அந்த வித்தியாசம்தான் வேலையைச் செய்கிறது. 'ஐப்டேசியா எக்ஸ்' மாதிரி குப்பியில் வருகிற மருந்துகளும் நன்றாகவே வேலை செய்கின்றன. எனக்கு அது சென்னையிலிருந்து வர வேண்டும், சுண்ணாம்பு கையருகே இருக்கிறது.

கையருகே என்றதும் நான் முதலில் போனது ஆச்சியின் வெற்றிலைப் பெட்டிக்கு. "ஏல, மீனுக்கு எதுக்குல சுண்ணாம்பு? அதுவும் வெத்தல போடுதோ?" என்று கேட்டாள். அந்தச் சுண்ணாம்பு வேலைக்கு ஆகவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. திறந்து வைத்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு வெறும் கால்சியம் கார்பனேட்டாக மாறிவிடும். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கியது திரும்பக் கிளிஞ்சல் பொடியாகவே ஆகிவிடுகிறது. காரம் போய்விடும். தவிர, வெற்றிலைச் சுண்ணாம்பில் வாசனைக்கும் நிறத்துக்கும் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. ஆய்வுக்கூடத் தரத்தில் கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அரைக் கிலோ வாங்கினால் வருடக்கணக்கில் வரும்.

இனி வேலை. முதலில் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. குழைத்த சுண்ணாம்பு ஊசியில் அடைத்துக்கொள்ளும். அடைத்ததை அழுத்தினால் சட்டென்று பீய்ச்சும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பட்டுவிட்டால் நல்ல தண்ணீரில் கால் மணி நேரமாவது விடாமல் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

ஒரு தேக்கரண்டி பொடியில் ஆர்.ஓ. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழையுங்கள். தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டியாக, டூத் பேஸ்ட்டை விடக் கொஞ்சம் இளக்கமாக வர வேண்டும். தண்ணீராக இருந்தால் தொட்டியில் புகை மாதிரி கரைந்து ஓடிவிடும். கெட்டியாக இருந்தால் சிரிஞ்சு வழியாக வராது. மருந்துக் கடையில் 5 மில்லி சிரிஞ்சு வாங்கி, கூர் மழுக்கிய ஊசியோ, மெல்லிய காற்றுக் குழாயோ மாட்டிக்கொள்ளுங்கள். குழாய் நீளமாக இருந்தால் கையைத் தண்ணீருக்குள் விட வேண்டியிருக்காது. நிழல் விழாது என்பது இன்னொரு லாபம்.

எல்லாப் பம்புகளையும் அணைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். அணைத்ததும் தண்ணீர் மெல்ல நின்று, தூசு கீழே இறங்கி, ஐப்டேசியா நன்றாக விரியும். குழாய் நுனியைப் பக்கவாட்டிலிருந்து மெதுவாக, மிக மெதுவாகக் கொண்டுபோங்கள். தொடாதீர்கள். தட்டுக்கு ஒரு நெல் அளவு மேலே நிறுத்தி, ஒரு துளியை வாயின் மேல் விடுங்கள். சாப்பாடு வந்திருக்கிறது என்று நினைத்துக் கைகளை மடக்கி உள்ளே இழுக்கும். அந்த நொடியில் மேலும் இரண்டு துளி அழுத்தி, முழுவதும் வெள்ளையாக மூடிவிடுங்கள். ஓட்டைக்குள் சுருங்கினால் ஓட்டையையே பூசி அடையுங்கள். நான் சிரிஞ்சின் நுனியை மீனுக்குப் போடும் உறைந்த இறால் தண்ணீரில் தோய்த்துக்கொள்வேன். அந்த வாசனைக்கு அது சுருங்காமல் வாயைத் திறக்கிறது.

பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, மேலே தங்கிய வெள்ளையைச் சின்னக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டு பம்ப் போடுங்கள். பவளத்தின் மேல் துளி விழுந்திருந்தால் உடனே ஊதித் தள்ளுங்கள்.

எடுக்கக்கூடிய பாறையாக இருந்தால் இன்னும் எளிது. தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளிக்கு மேலே பாறையைப் பிடித்து, வெளியிலேயே பூசி, பத்து நிமிடம் வைத்து, வாளியில் அலசித் திரும்ப வைத்துவிடலாம். அலசிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

எலுமிச்சைச் சாறு, வினிகர், வெந்நீர் ஊசி என்று பலரும் சொல்வார்கள். ஒன்றிரண்டுக்கு வேலை செய்யும். ஆனால் உள்ளே நேராகக் குத்தினால்தான் பலிக்கும், அது குத்த விடாது. காஸ்டிக் சோடா பக்கம் போகவே வேண்டாம். அதில் பிழை செய்தால் திருத்த வழியில்லை.

மருந்து வைத்த அன்று ராத்திரி மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது

ஒரே நாளில் நிறைய வைத்துவிட்டீர்கள். எனக்குத் தெரிந்து பேட்டையில் ஒரு தம்பி 80 லிட்டர் தொட்டியில் ஒரே மாலையில் முப்பதுக்கும் மேல் வைத்தார். சுண்ணாம்பு பி.ஹெச்.-ஐத் தூக்கியது. செத்த அனிமோன்கள் அழுகி ஆக்சிஜனைத் தின்றன. அது போதாதென்று அன்றைக்குக் கரண்டும் போனது. காலையில் ஒரு மீன்தான் மிச்சம்.

இப்போது செய்ய வேண்டியது: காற்று மோட்டாரை முழு வேகத்தில் போடுங்கள், பம்பின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குத் திருப்பி மேற்பரப்பு கலங்கும்படி விடுங்கள், பி.ஹெச். பாருங்கள். 8.6-ஐத் தாண்டியிருந்தால் அதே உப்பு, அதே வெப்பத்தில் கலந்து வைத்த தண்ணீரில் 20 சதவீதம் மாற்றுங்கள். வினிகர் ஊற்றி ஒரேயடியாக இறக்கப் பார்க்காதீர்கள், அது இரண்டாவது அடி. செத்த அனிமோன் கண்ணில் பட்டால் உறிஞ்சி எடுங்கள்.

அடுத்த முறை என் அளவு இதுதான்: 200 லிட்டருக்கு ஒரு நாளைக்கு ஐந்து, பிறகு இரண்டு நாள் ஓய்வு. சித்திரை, வைகாசி வெயிலில் இந்த வேலையே வேண்டாம். தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று வீட்டில் இல்லாமல் இந்த ஊரில் உப்புநீர்த் தொட்டி வைப்பது துணிச்சல் என்றுதான் சொல்வேன்.

சுண்ணாம்பு வைத்த இடத்திலேயே திரும்ப வருகிறது

பாறை ஓட்டை ஆழம். மேலே வெந்தது, பாதம் உள்ளே பிழைத்துக்கொண்டது. இரண்டாம் முறை வைத்தபின், அது சுருங்கியதும் ஓட்டையின் வாயைப் பவளம் ஒட்டப் பயன்படுத்தும் எபாக்சி களிமண்ணாலோ, ஜெல் பசையாலோ அடைத்துவிடுங்கள். தண்ணீர் மாதிரி ஓடும் பசை ஒட்டாது, ஜெல்லாக இருக்க வேண்டும். அடைப்பின் ஓரத்தில் இடுக்கு இருந்தால் அதன் வழியாக எட்டிப் பார்க்கும், அதையும் அடைக்க வேண்டியதுதான்.

எண்ண முடியவில்லை, தொட்டி முழுக்க இருக்கிறது

ஊசியைக் கீழே வையுங்கள். ஐம்பதுக்கு மேல் போனால் நீங்கள் பத்தைக் கொல்வதற்குள் அது பதினைந்து ஆகும். தின்னும் ஆள் வேண்டும்.

முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அதற்கு யார் சோறு போடுகிறார்கள்? மீனுக்கு இரண்டு வேளையும் கை நிறையப் போட்டு, மிச்சம் பாறையில் தங்கினால் ஐப்டேசியாவுக்கு அது விருந்து. உடம்பிலுள்ள பாசி வழியாக வெளிச்சத்தில் பிழைக்கும், தீனி கிடைத்தால் பெருகும். நைட்ரேட், பாஸ்பேட் பாருங்கள். நைட்ரேட் 40, 50 என்று இருந்தால் தீனியைப் பாதியாக்குங்கள், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரைச் சுத்தம் செய்யுங்கள். அதற்காகப் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டாம், பவளம் பட்டினி கிடக்கும். பட்டினியால் ஐப்டேசியா சாகாது. பெருகும் வேகம்தான் குறையும். அந்த வேகம் குறைந்தால்தான் தின்கிற ஆளால் ஈடுகொடுக்க முடியும்.

பெப்பர்மிண்ட் இறால்: மலிவு, கிடைக்கும். உடம்பு கண்ணாடி மாதிரி, நீளவாக்கில் மெல்லிய சிவப்புக் கோடுகள். ஒன்று போதாது, என் தொட்டி அளவுக்கு நான்கைந்து வேண்டும். சின்ன ஐப்டேசியாக்களைத் தின்னும். கட்டைவிரல் அளவுள்ள பெரியதைத் தொடாது. ஆகவே பெரியவற்றுக்கு நீங்கள் சுண்ணாம்பு, சின்னவற்றுக்கு இறால் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் இந்தக் கூட்டணிதான் வீட்டுத் தொட்டிக்குச் சரிப்பட்டு வருகிறது.

பெர்கியா: ஓட்டில்லாத குட்டிக் கடல் நத்தை. ஐப்டேசியாவைத் தவிர வேறு எதையும் தின்னாது. ஐப்டேசியாவின் கொட்டும் செல்களையே தன் முதுகிலுள்ள விரல்களில் சேர்த்து வைத்துத் தற்காப்புக்கு வைத்துக்கொள்ளும். ராத்திரியில்தான் வெளியே வரும், பகலில் பார்த்தால் காணோம் என்றுதான் தோன்றும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். பம்ப் உறிஞ்சும் வாயில் பஞ்சு மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போய்விடும். ஆறுகோட்டு ராஸ் மாதிரி மீனும், பெப்பர்மிண்ட் இறாலும் அதைத் தின்றுவிடக்கூடும். ஆகவே இறாலும் பெர்கியாவும் ஒரே தொட்டியில் வேண்டாம். எல்லாம் தின்று முடிந்ததும் பட்டினியில் செத்துவிடும், அதற்குள் தொட்டி உள்ள வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

ஐப்டேசியா தின்னும் ஃபைல்ஃபிஷ் என்ற மீனும் உண்டு. சிலது அருமையாகத் தின்னும், சிலது பவளத்தைக் கொத்தும். வாங்கும் வரை எந்த ரகம் என்று தெரியாது. காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீனை மூன்றடித் தொட்டிக்கு வாங்காதீர்கள். அதற்கு இடமும் போதாது, கடைத் தீனியைப் பழகுவதற்குள் பாதி செத்துவிடும். ஐப்டேசியாவைத் தின்னும் என்ற பெயருக்காக ஒரு நல்ல மீனைக் கொல்வதில் என்ன லாபம்?

இறால் விட்டேன், ஐப்டேசியா அப்படியே இருக்கிறது, சோவாந்திட் குறைகிறது

அது பெப்பர்மிண்ட் இறால் இல்லை, ஒட்டக இறால். கடைகளில் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். தெரிந்து செய்கிறார்களா தெரியாமலா என்பது வேறு கதை. எனக்கும் ஒரு முறை இரவு பஸ்ஸில் தெர்மக்கோல் பெட்டியில் வந்து இறங்கியது அதுதான். ஒட்டக இறாலுக்கு முதுகில் கூன், பெரிய கண், சிவப்போடு வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் தெளிவாக இருக்கும். பார்க்க அதுதான் அழகு. அது மென்பவளத்தைத் தின்னும். வலை போட்டு எடுங்கள். பகலில் சிக்காது, விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாட்டில் பொறி வையுங்கள்.

சரியான இறால்தான், ஆனாலும் தின்னவில்லை என்றால் மீன் தீனி அதற்குத் தாராளமாகக் கிடைக்கிறது என்று பொருள். வடை கிடைக்கும் இடத்தில் எவன் கசப்புக் கஷாயம் குடிப்பான்? ஒரு வாரம் தீனியைக் குறைத்து, போட்டதை மீன் உடனே தின்று முடிக்கிறதா என்று பாருங்கள்.

தொட்டியில் இல்லை, சம்ப்பிலும் குழாயிலும் வெள்ளையாக இருக்கிறது

வெளிச்சம் இல்லாத இடத்தில் ஐப்டேசியா உள்ளிருக்கும் பாசியை இழந்து வெள்ளையாகிவிடும். சாகாது. வருகிற தீனியைப் பிடித்தே பிழைக்கும். சம்ப், அதாவது தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டி, அதன் நாற்றங்கால். அங்கே விட்டுவைத்தால் மேலே எத்தனை முறை ஒழித்தாலும் திரும்ப வரும். சம்ப்பிலும் வழிந்தோடும் பெட்டியிலும் பவளம் இல்லாததால் தைரியமாக வேலை செய்யலாம். பம்பைக் கழற்றி வினிகர் கலந்த தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவுங்கள். கண்ணாடிச் சுவரில் இருப்பதைப் பிளேடால் சுரண்டலாம். சுரண்டும் அதே நேரத்தில் குழாய் வைத்து உறிஞ்சி வாளிக்கு அனுப்பிவிட வேண்டும், ஒரு துணுக்கும் மேலே போகக் கூடாது. அதுவரை மேலேற்றும் பம்ப் அணைந்திருக்கட்டும்.

குட்டை ரகம், நுனி குமிழ், இடம் மாறி இடம் மாறிப் போகிறது

மஜானோ. பெர்கியா இதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இறாலையும் நம்ப முடியாது. ஃபைல்ஃபிஷ் சில சமயம் தின்னும். பெரும்பாலும் கைவேலைதான். ஒரு நல்ல விஷயம், ஐப்டேசியா அளவுக்கு வேகமாக ஓட்டைக்குள் ஓடாது, எனவே சுண்ணாம்பு வைப்பது கொஞ்சம் சுலபம். இரண்டு முறை, மூன்று முறை வைக்க வேண்டியிருக்கும்.

பாறையையே எடுத்துக் கொதிக்க வைத்துவிடலாமா?

கூடாது. இந்த ஒரு பதிலைத் தயவுசெய்து வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

சோவாந்திட், பாலித்தோவா இனங்களில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அவை ஒட்டியிருக்கும் பாறையைக் கொதிக்க வைத்தால் நஞ்சு ஆவியோடு சேர்ந்து வீடு முழுக்கப் பரவும். வெளிநாடுகளில் இப்படிச் செய்து குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த கதைகள் உண்டு. மூச்சுத்திணறல், காய்ச்சல், கண் எரிச்சல். பாறையில் சோவாந்திட் இல்லை என்று உங்களுக்குத் தோன்றலாம், இடுக்கில் ஒன்று இருந்தால் போதும். வெந்நீர் ஊற்றித் தேய்ப்பதும் இதே ஆபத்துதான்.

பாறையை உண்மையிலேயே மீட்க முடியாது என்றால், உயிருள்ள எல்லாவற்றையும் வேறு பாறைக்கு மாற்றிவிட்டு, மொட்டைமாடியில் யாரும் புழங்காத மூலையில் வெயிலில் மாதக்கணக்கில் காயப்போடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இந்த ஒரு வேலையிலாவது பயன் இருக்கட்டும். கையுறை போட்டே தொடுங்கள்.

ஒழித்தாயிற்று, ஆறு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது

வெளியிலிருந்து வருகிறது. பவளம் ஒட்டியிருக்கும் சின்ன சிமெண்ட் வில்லைக்கு அடியில், தண்டின் மடிப்பில், உயிர்கள் குடியேறிய கடல் பாறையான உயிர்ப்பாறையின் ஓட்டையில். மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். முக்கும் மருந்துகள் தட்டைப்புழு மாதிரிப் பூச்சிகளுக்கு. ஐப்டேசியா சுருங்கிக்கொண்டு தப்பித்துவிடும். வந்ததும் பவளத்தை வில்லையிலிருந்து வெட்டி எடுத்துப் புது வில்லையில் ஒட்டுங்கள், பழைய வில்லையைக் குப்பையில் போடுங்கள்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். "எதுக்கு அண்ணாச்சி காசு கொடுத்துப் பாறை வாங்குதிய? தூத்துக்குடில கடல்லயே கிடக்குல்லா" என்று ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. கல் பவளம், கருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. செத்த பவளக் கல்லை எடுத்து வந்தாலும் வழக்குதான். சட்டத்தை விடுங்கள், அந்தக் கல்லின் ஒவ்வொரு ஓட்டையிலும் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? உவரிப் பக்கம் அலை வாங்கும்போது பாறைக் குழிகளில் குனிந்து பாருங்கள், பழுப்பும் பச்சையுமாக அனிமோன்கள் விரிந்திருக்கும். அங்கே அவை அழகு. எனக்குச் செயற்கைப் பாறை போதும்.

உப்பும் அப்படியே. அரை நாளில் போய்வரும் தூரத்தில் உப்பளம் இருந்தும் பெட்டி உப்பைத்தான் வாங்குகிறேன். அளத்து உப்பு படியும்போது மெக்னீசியம் எல்லாம் கசப்பு நீரில் தங்கிவிடுகிறது, மிஞ்சுவது சாப்பாட்டு உப்பு. பவளத்துக்கு அது ஆகாது. ஐப்டேசியா மட்டும் அதிலும் பிழைத்துக்கொள்ளும் என்று வேடிக்கையாகச் சொல்வேன். உப்பு, வெப்பம் எது ஏறி இறங்கினாலும் பவளம் வாடும்போது அது வாடுவதில்லை.

புதிதாக வருவது எதுவானாலும் இப்போதெல்லாம் 20 லிட்டர் வாளியில் தனியாக ஆறு வாரம். ஒரு சின்ன விளக்கு, ஒரு காற்றுக்கல், வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றம். வாரம் ஒருமுறை ராத்திரியில் விளக்கை அணைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். போன மாதம் வந்த பச்சை சோவாந்திட் இப்போது நான்காவது வாரத்தில் இருக்கிறது. மேலே பத்துப் பூவும் சுத்தம். நேற்று வில்லையின் அடியில், பசை காய்ந்த விளிம்பில், கடுகு அளவில் ஒரு பழுப்புப் புள்ளி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எட்டுக் கை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வில்லையை மாற்ற வேண்டும். ஆறு வாரக் கணக்கு அன்றிலிருந்து மறுபடி ஒன்று.